வரியைக் குறையுங்கள் என்பதற்கு முன் பள்ளிக்கூடத்தைக் கவனியுங்கள் என்று கேளுங்கள்

வன்னியின் வர்த்தகர் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் துணுக்காய்க் கல்வி வலயத்தில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். பலருடைய கடைகளுக்கு விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றிருக்கிறேன். ஒருவரும் என்னை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அந்த உரிமையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் அரசாங்கத்துக்குக் கொடுக்கப் போகும் மகஜரில், வழமையாக முதலாவது இடத்தில் இருக்கும் வரிச் சலுகைக் கோரிக்கையைக் கீழே இறக்கி, வன்னிப் பாடசாலைகளுக்கான நிதியை முதலாவதாக வைப்பது பற்றி உங்கள் நிர்வாக சபையில் பேசப்பட்டிருக்கிறது என்று அறிந்தேன். கேட்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்வது கடினம். அப்புறம் இன்னொன்றும் கேள்விப்பட்டேன். அங்கத்தவர்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. “நாங்களே வரியில் சாகிறோம், பள்ளிக்கூடத்தைப் பார்க்க அரசாங்கம் இருக்கிறது” என்று சொல்கிறார்களாம். இன்னும் சிலர், “சரி, கல்விக்கு உதவி செய்வோம், ஆளுக்கு ஒரு தொகை போட்டுக் கொப்பி வாங்கிக் கொடுப்போம்” என்ற அளவில் நிற்கிறார்களாம். இந்த இரண்டு தரப்பினரோடும் நான் பேச வேண்டும்.

முதலில் வரி. உங்கள் கஷ்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆன வற் என்ற பெறுமதி சேர் வரி, அதே வருடம் செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதம் ஆனது. அதோடு 2.5 வீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி. மின்கட்டணம், கடை வாடகை, வங்கி வட்டி, பிரதேச சபையின் வியாபார உரிமம், சோலைவரி எல்லாம் சேர்த்தால் மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று எனக்கும் கணக்குத் தெரியும். உங்கள் கடன் கொப்பியில் எத்தனை வீட்டுப் பெயர் இருக்கிறது என்பதும் தெரியும். அறுவடை முடியும்வரை காத்திருந்து, அறுவடை பிழைத்தால் அடுத்த போகம்வரை காத்திருக்கும் வியாபாரம் உங்களுடையது. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது.

ஆனால் வரி குறைந்தால் அந்த மிச்சம் யாருடைய கைக்குப் போகிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இதற்கு மேல் வியாபாரம் நடந்தால் வற்றுக்குப் பதிய வேண்டும் என்ற எல்லை 2024 இல் வருடம் 8 கோடி ரூபாயிலிருந்து 6 கோடியாக இறக்கப்பட்டது. அந்த எல்லைப்படி பார்த்தால், மாதம் 50 இலட்சத்துக்கு மேல் வியாபாரம் நடக்கும் கடைகள் பரந்தனிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் எத்தனை இருக்கும்? சில ஹாட்வெயார், எரிபொருள் நிலையங்கள், மொத்த வியாபாரிகள், அரிசி ஆலைகள். மிச்சப் பேர் பொருள் வாங்கும்போது விலைக்குள் வரியைக் கொடுத்து, விற்கும்போது அதைச் சனத்தின் தலையில் இறக்கிவிடுகிறீர்கள். வேறு வழியும் உங்களுக்கு இல்லை. ஆக வன்னியில் இந்த வரியின் பெரும் பாரத்தைச் சுமப்பது சீனியும் மாவும் வாங்க வரும் சனம். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் நியாயம் உண்டு. அதை முதல் கோரிக்கையாக வைப்பதால் உங்களுக்கு என்ன வரும் என்பதுதான் என் கேள்வி.

இதற்குப் பதில் தேடி எங்கேயும் போகத் தேவையில்லை. 2019 டிசம்பரில் நடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வற் 15 இலிருந்து 8 வீதம் ஆனது. பதிவு எல்லை ஒரு கோடி 20 இலட்சத்திலிருந்து ஒரேயடியாக 30 கோடிக்கு உயர்ந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. நாடு முழுவதும் வர்த்தகர்கள் வரவேற்றார்கள். அன்று நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 வீதமளவில் இருந்த அரச வருமானம், 2021 இல் 9 வீதத்துக்கும் கீழே போனது. கொரோனாவும் வந்தது, உரத்தை நிறுத்திய முடிவும் வந்தது, எல்லாப் பழியையும் வரிக் குறைப்பின் மேல் போட நான் வரவில்லை. ஆனால் கஷ்டம் வந்தபோது அரசின் கையில் ஒன்றும் இல்லாமல் போனதற்கு அது ஒரு பெரிய காரணம். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மூன்று வருடத்துக்கு முன் வரியில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தச் சில மாதங்களில் கரைந்து போனது. எரிபொருள் வரிசையில் நீங்களும் நின்றீர்கள், நானும் நின்றேன். அந்த ஜூனிலும் ஜூலையிலும் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. வரியைக் குறைத்ததால் வந்த நன்மை வந்த வழியே போனது. பிள்ளைகள் இழந்த தவணைகள் திரும்பி வரவில்லை.

இதில் எங்களுக்கு மட்டும் உரிய ஒரு சங்கதி இருக்கிறது, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. வன்னியில் உள்ள பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். மத்திய அமைச்சின் கீழ் இருக்கும் தேசிய பாடசாலைகள் கொஞ்சம்தான். ஒரு காலத்தில் மாகாணங்கள் தாங்களே, விற்பனைத் தொகையின் மேல் போடும் புரள்வு வரியை அறவிட்டன. 2011 இலிருந்து அது நிறுத்தப்பட்டு, பதிலாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்கு என்று ஏற்பாடானது. 2019 இல் அந்த வரியையும் நீக்கிவிட்டார்கள். இப்போது முத்திரைத் தீர்வை, வாகன வரி போன்ற சிலவற்றை விட்டால், மத்திய அரசு எழுதித் தரும் பணத்தை நம்பித்தான் எங்கள் வலயக் கல்வி அலுவலகங்கள் இருக்கின்றன. அந்தப் பணத்துக்காக வாதாட வேண்டிய மாகாண சபையோ 2013 இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. துணுக்காயிலும் மடுவிலும் வவுனியா வடக்கிலும் ஒரு வகுப்பறைக்கு ஓடு இல்லை என்றால், அதைச் சபையில் எழுந்து சொல்ல மாகாண உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. இந்த இடத்தில்தான் உங்கள் குரல் தேவைப்படுகிறது.

பாடசாலைக்குப் பணம் கேட்டு ஆசிரியர்கள் குரல் கொடுத்தால், சம்பளத்துக்காகக் கத்துகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று மாதக்கணக்கில் பணியைப் புறக்கணித்தார்கள். என்ன நடந்தது? கல்விக்கு 4 முதல் 6 வீதம் ஒதுக்க வேண்டும் என்று உலக நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எங்கள் நாடு 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது, சில வருடங்களில் அதற்கும் கீழே. பெற்றோர் கேட்டால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் வர்த்தகர் சங்கம் போய், “எங்களுக்கு வரிச்சலுகை பிறகு தாருங்கள், இந்த மாவட்டத்தின் பாடசாலைகளுக்கு ஆசிரியரும் கட்டடமும் முதலில் தாருங்கள்” என்று கேட்டால், அதைத் தட்டிக் கழிப்பது சுலபமில்லை. தன் பையை நிரப்பக் கேட்கவில்லை என்பது எதிரில் இருக்கிறவருக்குத் தெரியும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தேர்தல் காலத்தில் உங்கள் கடைவாசலுக்கு வருகிறவர்கள். உங்கள் வார்த்தைக்கு இருக்கும் எடை உங்கள் நன்கொடைக்கு இருக்கும் எடையைவிடப் பெரிது. நான் இவ்வளவு எழுதுவது இதற்காகத்தான்.

எதற்காகக் கேட்க வேண்டும் என்பதை நான் பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம், இப்படி இன்னும் பல இருப்பதால் பெயருக்கு அவசியமும் இல்லை. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. கணிதப் பாடவேளையில் சமயம் படிப்பிக்கும் ஆசிரியை வந்து, பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கரும்பலகையில் திகதியும் பாடத்தின் பெயரும் எழுதியிருந்தது, கீழே ஒன்றும் இல்லை. முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். காரணிப்படுத்தல் கணக்குகள், ஒரு பக்கம் முழுக்க, முத்து முத்தான எழுத்து, விடை எல்லாம் சரி. “இந்த ஐந்தை ஏன் இரண்டும் மூன்றுமாகப் பிரித்தாய்?” என்று கேட்டேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கொப்பியைப் பார்த்தாள். பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். படிக்கும் ஆசை இல்லாத பிள்ளை அப்படி ஒரு பக்கம் எழுத மாட்டாள். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்திருந்தால், பத்து நிமிட வேலை அது.

இந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வழமையான உயர்தரப் பிரிவுகளுக்குப் போவதென்றால் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தியடைய வேண்டும், மூன்றில் திறமைச் சித்தி வேண்டும். மற்றப் பாடங்களில் எவ்வளவு நல்லாகச் செய்திருந்தாலும் கணிதம் கதவை அடைத்துவிடும். கதவு திறந்தாலும் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருக்காது. உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கும் ஒன் ஏபி பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. ஐயன்கன்குளத்திலிருந்தோ நெடுங்கேணிக்கு உள்ளே இருந்தோ ஒரு பெண்பிள்ளை தினமும் அங்கே போய் வர வேண்டும் என்றால் பஸ் வேண்டும். பின்னேர வகுப்பு முடிந்து திரும்பும்போது காட்டுப் பாதையில் யானை நிற்கும். அப்பா அம்மா யோசிப்பார்களா, மாட்டார்களா? கலைப்பிரிவில் போய்ச் சேர் என்று சொல்லிவிடுவார்கள்.

அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் நிற்கின்றன. அதே இடத்தில் 2016 இலிருந்து ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பட்டியலில் இருப்பதால், மாவட்டப் பங்குக்கு மேலாக, எங்கள் பிள்ளைகளுக்கென்று மேலதிக இடமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவும் எங்கள் முற்றத்தில் இருக்க, முற்றத்துப் பிள்ளை உள்ளே போக முடியாமல் நிற்பது எனக்கு வயிற்றெரிச்சல். அங்கே படிக்க வரும் எல்லாப் பிள்ளைகளும் நல்லாக இருக்கட்டும். எங்கள் கிராமத்துப் பிள்ளைகளும் அந்த வாசலால் போக வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

ஆசிரியர் ஏன் நிற்பதில்லை என்று கேட்பீர்கள். நியமனம் கிடைத்து வருகிறார்கள், கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் போகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்து மத்தியானம் திரும்பும் இளம் ஆசிரியையிடம் பின்னேர வகுப்பு வை என்று எப்படிச் சொல்வது? தங்குவதற்கு நல்ல விடுதி இல்லை. இருக்கும் விடுதிகளில் கூரை ஒழுகும், தண்ணீர் வராது, கதவுக்குச் சரியான பூட்டு இருக்காது. ஒரு பெண் தனியாக அங்கே தங்குவாளா? ஆசிரியர் விடுதியைத் திருத்துவது வர்த்தகர் சங்கத்தின் மகஜரில் வரக்கூடிய விசயமா என்று நினைக்காதீர்கள். வர வேண்டிய விசயமே அதுதான். அந்த விடுதியில் நாலு ஆசிரியர் தங்கினால் அந்த ஊர்ப் பாடசாலையில் பின்னேர வகுப்பு நடக்கும். அந்த ஊர்க் கடையில் மாதம் முழுக்க நாலு பேருடைய சம்பளம் புழங்கும்.

வியாபாரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், நீங்கள் வியாபாரிகள். கல்விக்கு வரும் அரச பணம் வேறெங்கும் போவதில்லை, உங்கள் கல்லாப்பெட்டிக்குத்தான் வருகிறது. ஆசிரியருக்குச் சம்பளம் விழும் நாட்களில் உங்கள் கடைகளில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2025 ஆரம்பத்தில், அரசின் அஸ்வெசும நிவாரணம் பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் பணம் புத்தகக் கடையிலும் சப்பாத்துக் கடையிலும் புத்தகப்பைக் கடையிலும் இறங்கியது. 2016 வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் இலங்கையிலேயே வறுமை கூடிய மாவட்டம் கிளிநொச்சி, 18.2 வீதம். அடுத்து முல்லைத்தீவு, 12.7. அந்த வருடம் நாடு முழுவதற்கும் 4.1. இப்படிப்பட்ட மாவட்டத்தில் வரியைக் குறைத்தாலும் வாங்கும் சனத்தின் கையில் காசு இருக்க வேண்டுமே. சனத்தின் கைக்குக் காசு வருவது சம்பளமுள்ள வேலையால். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் விளையும் நெல் லொறியில் வெளியே போய் அரிசியாகப் பைக்கற்றில் திரும்பி உங்கள் தட்டுக்கு வருகிறது. ஆலையை இங்கே போட ஆள் இருக்கிறார்கள், அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் கணக்கு வைக்கவும் படித்த ஆள் கிடைப்பதில்லை என்று உங்களில் ஒருவரே என்னிடம் சொன்னார். பில் போடும் கணினிக்கு முன்னால் இருத்த ஒரு பிள்ளையைத் தேடித் திரிகிறோம் என்று இன்னொருவர் சொன்னார்.

இந்த இடத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு ஹாட்வெயார் கடைக்கு வீட்டு வேலைக்காக டைல்ஸ் பார்க்கப் போயிருந்தேன். பதினைந்து வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் வந்து, “எத்தனைக்கு எத்தனை அறை, ரீச்சர்?” என்று கேட்டான். பன்னிரண்டுக்குப் பதினாலு என்றேன். “168 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்றால் 42. உடைவுக்கு இன்னும் நாலு போடுங்கோ.” கல்குலேற்றர் இல்லை, பேனை இல்லை. கையெல்லாம் சீமெந்து. எந்தத் தரத்தில் படிக்கிறாய் என்று கேட்டேன். தரம் 9 உடன் நின்றுவிட்டானாம். “கணக்கு விளங்குதில்லை ரீச்சர்” என்றான். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

கட்டாயக் கல்வி வயது 2016 இலிருந்து 16. வேலைக்கு அமர்த்தக்கூடிய வயதும் 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்த நான் எழுதவில்லை. அந்தப் பையனை வேலைக்கு எடுத்த முதலாளி கெட்டவரும் இல்லை. அப்பா இல்லாத வீடு, தாயின் தலையில் நுண்கடன், இரக்கப்பட்டுத்தான் எடுத்திருப்பார். ஆனால் இரக்கத்துக்கு வேறு வழி உண்டு. அந்தத் தாய்க்கு மாதம் கொஞ்சம் உதவி, பையனைத் திரும்பப் பாடசாலைக்கு அனுப்பலாம். சனி, ஞாயிறில் பெரிய பிள்ளைகள் வேலைக்கு வந்தால் சோதனைக் காலத்தில் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கலாம். 16 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையையும் பாடசாலை நேரத்தில் எங்கள் கடைகளில் நிறுத்த மாட்டோம் என்று சங்கமாக ஒரு தீர்மானம் போடுங்கள். இதற்கு எந்த அமைச்சரிடமும் போய் நிற்கத் தேவையில்லை. கல்விக்கு முதலிடம் என்று எழுதும் மகஜருக்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்க முடியாது.

இனி, கொப்பி வாங்கிக் கொடுப்போம் என்கிறவர்களுக்கு. கொடுங்கள், நிறுத்தாதீர்கள். 2022 இல் கொப்பி விலை ஏறியபோது நீங்கள் கொடுத்த கொப்பிகளால் பல பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தார்கள், நான் அதை நேரில் பார்த்தவள். ஆனால் கொப்பி வருடத்தில் ஒருநாள் கொடுக்கப்படுகிறது. வளைவும் நுழைவாயிலும் ஒருமுறை கட்டப்படுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படித்தான் அனுப்புகிறார்கள், தங்கள் பாடசாலைக்கு ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையில். ஒரு கணித ஆசிரியர் வாராவாரம் வந்து போவது கண்ணுக்குத் தெரியாது, படத்திலும் வராது. ஆனால் பிள்ளைக்குத் தேவை அதுதான். ஒரு தொண்டர் ஆசிரியருக்கு மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் பஸ் காசும். உயர்தர இரசாயனவியல் ஆய்வுகூடத்துக்குத் தீர்ந்துபோன பொருட்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ் ஓடாத பாதையில் ஒரு வான். இவற்றுக்கு வருடம் முழுக்கத் தவறாமல் வரும் சிறு தொகை போதும், பெரிய தொகை வேண்டாம். எந்தப் பாடசாலைக்கு எவ்வளவு போனது என்று சங்கத்தின் அறிவித்தல் பலகையில் எழுதிப் போடுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும் அதை நம்பிச் சேர்வார்கள். நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. அவர்களுக்குக் கேட்கத் தெரியும். காட்டோரத்துச் சின்னப் பாடசாலையின் அதிபருக்குக் கேட்க ஆளில்லை, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் கொடுக்கத் தொடங்கியதும், “அங்கே வர்த்தகர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்” என்று சொல்லி அரசாங்கம் கையைக் கழுவ இடம் கொடுக்கக் கூடாது. 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வி வந்தபோது, இந்த நாடு பணக்கார நாடு இல்லை, யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. அப்படியிருந்தும் கல்விக்குச் செலவழிப்பது அரசின் கடமை என்று எடுத்த முடிவு அது. அந்தக் கடமை இன்றும் அரசுடையது. ஆகவே மகஜர்தான் முதல், நன்கொடை அதற்குப் பிறகு. வரி கட்டுகிறோம், இன்னும் கட்டுவோம், அந்த வரி முல்லைத்தீவுக்கும் துணுக்காய்க்கும் மடுவுக்கும் ஆசிரியராகத் திரும்பி வர வேண்டும் என்று கேளுங்கள். எந்த வலயத்தில் எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் வெற்றிடம் என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்கி மகஜரோடு இணையுங்கள். வெறும் வேண்டுகோளைவிடப் பட்டியலுக்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் நாங்கள் பட்ட பாடு. ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பென்சிலால் எழுதி, அழித்து, அதே கொப்பியில் மறுபடி எழுதினார்கள். அந்த நாளில் சோதனை எழுதும் பிள்ளை இருக்கும் வீடு என்று தெரிந்தால் அரைப் போத்தல் எண்ணெயை ஒளித்து வைத்துக் கொடுத்த கடைக்காரர்கள் இருந்தார்கள். உங்களில் சிலருடைய தகப்பன்மார் அவர்கள். இடம்பெயர்ந்து போன இடங்களிலும், முன்னுக்கு ஒரு கடை, பின்னுக்குத் தறப்பாள் கொட்டிலில் ஒரு வகுப்பு என்றுதான் இருந்தோம். செட்டிகுளம் முகாமுக்குள்ளும் பிள்ளைகள் சோதனை எழுதினார்கள். வன்னியில் வியாபாரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருக்கும் உறவு இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. உங்கள் நிர்வாக சபை எடுக்கப் பார்க்கும் முடிவை ஏதோ வெளிநாட்டுப் பாணி என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

எதிர்க்கும் அங்கத்தவர்களிடமும் ஒரு வார்த்தை. வரிக் கோரிக்கையை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டாவதாக வையுங்கள். சின்னக் கடைக்காரருக்கு உண்மையில் வலிப்பது எது என்று பார்த்து, அதை மட்டும் கேளுங்கள். பிள்ளைகளின் கொப்பி, பேனை, சப்பாத்து மேல் வரி இருக்கக் கூடாது என்று கேட்டால் நானும் உங்களோடு வந்து கையெழுத்து வைப்பேன். பிரதேச சபையின் சந்தைக் கடை வாடகை நியாயமாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெரிய கம்பனிகளுக்கு இலாபம் தரும் பொதுவான வரிக் குறைப்பை எங்கள் மாவட்டத்தின் பெயரில் கேட்காதீர்கள்.

பொதுக்கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வந்தால், கை உயர்த்துவதற்கு முன் உங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் எத்தனையாம் தரத்தில் படிப்பை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். மகஜர் எழுதும்போது கணக்குப் பார்க்கவோ வலயத்தில் போய் வெற்றிடப் பட்டியல் எடுக்கவோ ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். மல்லாவிப் பக்கத்தில் கணித ஆசிரியர் இல்லாத எந்தப் பாடசாலையிலும் பின்னேர வகுப்பு எடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன், கொடுப்பனவு எனக்கு வேண்டாம். வகுப்பறையில் மின்குமிழும் பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஒரு வாகனமும் ஒழுங்கு செய்து தாருங்கள், அடுத்த தவணையே தொடங்கலாம்.

அன்போடும் மரியாதையோடும்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
மல்லாவி.